பாஸியில் எங்கள் வீடு

5 அக்டோபர், ஞாயிறு

மழை. பத்து மணிவரை. பிறகு தூறல். பிறகு அதுவும் இல்லை.

அப்பா வேலை செய்யும் ரெஸ்ரோரண்ட் இன்று பூட்டு. ஆகவே ஊர்சுற்றும் நாள். பாரிஸுக்கு வந்து பதினான்கு மாதத்தில் பார்த்து முடித்த பகுதிகள் பத்து. இன்று ஆற்றுக்கு நடுவில் இருக்கும் சின்னத் தீவு.

போகமுதல் பக்கத்து அறை ஞானம் அண்ணையிடம் கறுப்பு லெதர் கோட்டு இரவல். இந்தக் கட்டடத்தில் ஊருக்குப் போகும் படமெல்லாம் இந்தக் கோட்டில்தான். இதுவரை போட்டவர்கள்: ஞானம் அண்ணை (சொந்தக்காரர்), அப்பா, நான், மூன்றாம் மாடிச் சிவா (கோட்டுக் கை முழங்காலைத் தொடும்), பெண் பார்க்கிற ஒரு மாப்பிள்ளை (இரண்டு தரம், இரண்டு பெண்). கோட்டு உள்ளவனுக்கே கோட்டை. என் கண்டுபிடிப்பு.

தை மாதம் அதன் வலது கைப் பட்டன் கழன்றபோது தைத்துக் கொடுத்தது நான். கறுப்பு நூல் முடிந்துவிட்டது, சிவப்பு நூல்தான் கிடந்தது. ஞானம் அண்ணை பார்த்துவிட்டு, "அடி பாவி, என்ரை கோட்டுக்குப் பொட்டு வைச்சிட்டாய்!" என்றார். இரவல் கொடுப்பதை நிறுத்தவில்லை.

தீவு. பெரிய கதவுகள். பச்சை, நீலம், மாம்பழ நிறம். ஒவ்வொன்றின் முன்னும் அப்பா நெஞ்சை நிமிர்த்த, நான் படம் எடுக்க, உள்ளேயிருந்து ஆராவது வர, இரண்டு பேரும் சுற்றுலாப் பயணிகள் மாதிரி வானத்தைப் பார்க்க.

அ.பி. (அம்மாவுக்குப் பிடிக்கும்): ஆற்றோர மதிலில் ஏறி உட்காரலாம். ஒரு மனிசி நாயோடு முழு வசனத்தில் கதைக்கிறா. நாய் பதில் சொல்லாதது மட்டும்தான் குறை.

அ.பி.இ. (பிடிக்க இல்லை): ஐஸ்கிரீமுக்கு வரிசை. அம்மா எந்த வரிசையிலும் முன்னால் போய் நிற்கிற ஆள்.

திரும்பி வந்து ஆறு மாடி. அப்பா எந்நேரமும் "படி, படி" என்கிறார். ஒரு நாளைக்கு நான்கு தரம் படிதானே.

8 அக்டோபர், புதன்

மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கடிதப் பெட்டியில் அம்மா.

மூன்று பேருக்கும் ஒன்றாகப் பயணம் சரிவராததால் நாங்கள் இரண்டு பேரும் முதலில் வந்தோம். இப்போது அப்பாவின் வதிவிடக் கார்ட் கிடைத்து, அம்மாவை வரப்பண்ணும் பேப்பரும் போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறா. வருகிற 20ஆம் திகதி எம்பசிக்குப் போகவேண்டும். அவ்வளவுதான் மிச்சம்.

கடிதத்தை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"படம் கிடைத்தது. இவ்வளவு பெரிய வீடு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்த வீட்டுக்குள்ளே நடக்கவும் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள், சுகியின் முகத்தில் தெரிகிறது. நான் வந்து பாரமாக இருக்கமாட்டேன். எம்பசிக்குப் போகப்போவதில்லை. மாதக் கடைசியில் யாழ்ப்பாணம் திரும்பலாம் என்று இருக்கிறேன். இங்கே மேல்மாடியில் செல்லம்மா மாமி, உங்கள் பக்கத்து ஞானத்தின் தாய், மகனின் படத்தை எல்லாருக்கும் காட்டித் திரிகிறா. நான் உங்கள் படத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. கண்ணூறு படும்."

அந்தப் படம் ஆவணியில் பாஸியில் எடுத்தது. பணக்காரர் பகுதி. சிங்கத்தலைக் கைப்பிடி வைத்த கதவு, அப்பா கோட்டில், வலது கையால் சிங்கத்தின் மூக்கைப் பிடித்தபடி. நான் பக்கத்தில் இளித்தபடி. "பாஸியில் எடுத்தது என்று மட்டும் எழுது" என்றுதான் அப்பா சொன்னார். பின்பக்கம் நான் எழுதியது: எங்கள் வீடு. மேல்மாடி முழுக்க எங்களுக்கு. சிங்கத்துக்குச் சாப்பாடு போடுவது என் வேலை.

சிங்கம் என்று எழுதிய பிறகுமா நம்புவது?

அப்பா வரமுதல் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். பிறகு மெத்தைக்குக் கீழே. ஒளிக்க இந்த அறையில் மூன்றாவது இடம் இல்லை.

9 அக்டோபர், வியாழன்

சொன்னேன்.

அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"உன்ரை பகிடிக்கு ஒரு அளவில்லையோ பிள்ளை?"

பிறகு கடிதத்தை மடித்தபடி, "கோட்டைப் போட்டு நிண்டது நான்தானே."

கடிதம் போய்ச்சேரப் பத்து நாளாவது ஆகும். நாள் காணாது. சனிக்கிழமை போன்.

11 அக்டோபர், சனி

வெயில், ஆனால் குளிர். மேலே மெட்ரோ ஓடுகிற பாலத்துக்குக் கீழே போன் கூண்டு. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே, கதவு பூட்டவில்லை. லொட்ஜ் பொடியன் "பிடியுங்கோ, பிடியுங்கோ" என்று கத்திவிட்டு ஓட, நாங்கள் பிடித்தபடி நிற்க, ஐந்து நிமிடம்.

"ஆர், சுகியோ? சாப்பிட்டியோ?"

"அம்மா, அந்த வீடு எங்கடை இல்லை. பகிடிக்கு எழுதினது."

"சரி, சரி."

"உண்மையா அம்மா. ஒரு அறைதான். ஆறாம் மாடி. கக்கூஸ் வெளியிலை, ஏழு பேருக்கு ஒண்டு."

அம்மா சிரிக்கிறா! "எனக்குத் தெரியாதோ உன்னை? நான் பாவமெண்டு, என்னை வரப்பண்ண இப்பிடிப் பொய் சொல்லுறாய்."

அப்பா றிசீவரைப் பறித்தார். "இஞ்சாரும், பிள்ளை சொல்லுறது உண்மை."

"நீங்களும் அவளோடை சேந்திட்டியள்."

மாவில் உப்பென்று சீனி கலந்தது நான். ரீச்சருக்குக் கலியாணம் என்று பள்ளிக்கூடம் முழுக்க நம்பவைத்தது நான். இன்றைக்கு உண்மை சொன்னால் ஆர் நம்புவது.

அப்போதுதான் கோட்டு ஞாபகம் வந்தது. றிசீவரைத் திரும்பப் பறித்தேன்.

"அம்மா, செல்லம்மா மாமியிட்டை ஞானம் அண்ணையின்ரை படத்தை வாங்குங்கோ. எங்கடை படத்துக்குப் பக்கத்திலை வையுங்கோ. ரெண்டும் ஒரே கோட்டு. வலது கைப் பட்டனைப் பாருங்கோ. சிவப்பு நூல். நான் தைச்சது."

"என்ன நூல்?"

மேலே ரயில். காசும் முடிந்தது. அம்மாவுக்குக் கேட்டதா இல்லையா, தெரியாது. அப்பா கூண்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றார். வெளியே ஒரு ஆள் கண்ணாடியைத் தட்டினான்.

12 அக்டோபர், ஞாயிறு

கோட்டு இல்லை. கமெரா இல்லை. அப்பா கட்டிலில். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், கால்வாய் வரை. பகுதி பன்னிரண்டு.

படகு வந்தால் கால்வாயின் கதவைப் பூட்டித் தண்ணீரை ஏற்றுகிறார்கள். படகு தன்பாட்டில் மேலே வருகிறது. எங்கள் கட்டடத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும். இலை எல்லாம் மஞ்சள். ஒரு தாயும் மகளும் ஒரே குடைக்குள், மழையே இல்லாமல். பார்க்காமல் இருந்தேன்.

அ.பி.: எழுதவில்லை. எல்லாமே.

"கொம்மா வந்தா முதல் எங்கை கூட்டிக்கொண்டு போவம்?" அப்பா திடீரென்று.

"கக்கூஸுக்கு. ஆறு மாடி ஏறினவுடனை அதைத்தான் கேப்பா."

அப்பா சிரித்தார். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

14 அக்டோபர், செவ்வாய்

கணக்குச் சோதனை. ஏழு சரி. அதை விடு.

பள்ளிக்கூடத்தால் வரும்போது லா ஷப்பல் மரக்கறிக் கடையிலிருந்து சத்தம். கடைக்கார அண்ணையின் போன்தான் இந்தத் தெருவில் அரைவாசிப் பேருக்குப் போன்.

"எடி பிள்ளை! கொம்மா எடுத்தவ."

"என்னவாம்?"

"எனக்கொண்டும் விளங்கேல்லை. கோட்டைப் பாத்திட்டாவாம். செல்லம்மா மாமியும் சேந்து பாத்தவவாம், இப்ப அவவும் மோனோடை கோவமாம்."

"வேறை?"

"பொறு, எழுதி வைச்சனான்." முருங்கைக்காய் சுற்றி வந்த பேப்பரின் ஓரத்தைத் தேடி வாசித்தார். "'திங்கட்கிழமை எம்பசிக்குப் போறன். கறுப்பு நூல் ரெண்டு கட்டை வாங்கிக்கொண்டு வாறன்.' ஏன் பிள்ளை, இஞ்சை நூல் இல்லையே?"

ஆறு மாடியும் ஒரே மூச்சில். ஞானம் அண்ணையின் கதவில் தட்டி, உங்களுக்கும் கடிதம் வரப்போகுது என்று மட்டும் சொன்னேன்.

அப்பா வந்ததும் அலமாரியைத் தள்ளினோம். மேசையை மடித்துக் கட்டிலுக்குக் கீழே. கதவுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிலத்தில் அகலம் என் சாணுக்கு மூன்றரை. திரும்ப அளந்தேன். மூன்றரைதான்.

அம்மா ஒருக்களித்துத்தான் படுப்பா.