வடிகட்டியும் ஒரு கையொப்பமும்

மார்ச் 4
எங்கள் ஆய்வகத்தின் உப்புநீர் வடிகட்டி இன்றோடு நூறு மணி நேரம் நிற்காமல் ஓடியிருக்கிறது. உருவாக்கியோர் இருவர்: என் மனைவி, நான். கடல்கடந்த ஆய்வு நிறுவனம் பணிக்கு அழைத்ததோ ஒருவரை. அவ்வொருவர் நானல்லேன்.

மார்ச் 5
"சந்தோஷமா இல்லையா?" என்றாள். "பெருமகிழ்ச்சி" என்றேன். "மேடைப் பேச்சை வாசல்லயே விட்டுட்டு வாங்க" என்று சிரித்தாள்.

மார்ச் 11
பொறியாளர் சங்கக் கூட்டம். "தாய்மண் ஊட்டிய அறிவை அயலார் சந்தையில் விற்பதோ?" என முழங்கினேன். கரவொலி அடங்க நெடுநேரமாயிற்று. இறங்கியதும் செயலாளர், "தலைவரே, வீட்டம்மாவே கிளம்புறாங்களாமே? நல்லாத்தான் தடுக்கிறீங்க!" என்றார். சுற்றி நின்றோர் சிரித்தனர். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க இயலும் என்று இன்று கற்றேன்.

மார்ச் 15
மகளை உடன் அழைத்துச் செல்லத் தந்தையின் ஒப்புதல் வேண்டுமாம். மனைவி படிவத்தை நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்றேன். அது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

மார்ச் 19
இன்னும் கையொப்பமிடவில்லை. நாட்டுப்பற்றா? ஊர் அவ்வாறே நம்பும். இத்தாளிடமேனும் உண்மை உரைப்பேன்: பொறாமை. மூன்று திங்களுக்கு முன் அதே நிறுவனத்துக்கு நானும் விண்ணப்பித்தேன், அவளறியாமல், சங்கமறியாமல். இரண்டே வரியில் மறுத்தார்கள். அவளுக்கு இரண்டு பக்க வரவேற்பு! வடிகட்டியின் சவ்வு கிழிந்து கிழிந்து போனபோது அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னது யாரு? நான்தானே?

— இல்லை. அவள். "உளறாதே" என்றவன்தான் நான்.

மார்ச் 20
ஒன்பது வயது மகள் நாற்காலிமேல் ஏறி என் குரலிலேயே முழங்கினாள்: "அயலார் சந்தையில் விற்பதோ?" பிறகு என்னிடம், "அப்பா, அம்மா எதை விக்கிறாங்க?"

உள்ளே பெட்டி அடுக்கும் ஓசை நின்றது. படிவத்தை எடுத்துக் கையொப்பமிட்டேன்.

"கண்ணாடி கிடைச்சிடுச்சா?" மனைவி கேட்டது அவ்வளவே.

ஜூன் 2
சங்கம் பேச அழைத்தது. தொண்டை சரியில்லை என்றேன்.

செப்டம்பர் 9
அந்நிறுவனத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்கிறேன். இம்முறை தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். "போன தடவையும் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அறிந்திருக்கிறாள்! எத்தனை நாளாக?

'உம் பணியை அறிந்தவர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம்: 'நீவிர் இருவரும் உருவாக்கியதில் முதன்மைப் பங்கு யாருடையது?'

'அவருடையது' என எழுதினேன். எழுத்து சற்றே கோணிற்று. ஆயினும் படிக்க முடிகிறது.