ஏழு தடவை சொன்ன முதல் அடி

ஜைத்தூன், நான் ஒன்றும் ஆடு மாதிரிக் கத்தவில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு உன் தங்கை சொன்னால் நீயும் நம்பிவிடுவாயா? கோபத்தில் சலாம் சொல்ல மறந்துவிட்டேன், சலாம். உன் முட்டிவலி தேவலையா?

வெள்ளிக்கிழமை, நான் காவல் காக்கிற குர்லா மோட்டார் பட்டறையில் கவிதை வாசிப்பு. அதை நடத்திப் படம் பிடிக்கிற தப்ரேஸ், "யாரும் வாயத் திறக்காதீங்க, சத்தம் பதிவாயிடும்" என்று சொல்லிவிட்டான். கவிஞர் ஷம்சாத் சாயபு முதல் அடியைச் சொன்னார். சபை 'வாஹ்' என்று பாராட்டாமல் எந்தக் கவிஞர் இரண்டாம் அடிக்குப் போவார்? திரும்பச் சொன்னார். ஏழு தடவை சொன்னார். எல்லாரும் டயர்மேல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவர் முகம் வாடி, காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நான் 'வாஹ்' என்று கத்தினேன். பட்டறையே என்னோடு சேர்ந்து கத்தியது. இரண்டாம் அடி வந்தது.

"சாச்சா, கெடுத்துட்டீங்களே. அடுத்த வாரம் வெளிய வாசல்ல உட்காருங்க" என்றான் தப்ரேஸ்.

"அப்ப எனக்கும் அங்கயே ஒரு ஸ்டூல் போடு" என்றார் சாயபு.

இனி வாசிப்பு வாசலில்தான், பஸ் சத்தத்தோடு. கேமராவும் அங்கேதான். என் வெள்ளைக் குர்தாவை அனுப்பு, மாங்காய் ஊறுகாயும் அனுப்பு. பதிலில் நன்றாகத் திட்டி எழுது. இங்கே எல்லாரும் மரியாதையாகத்தான் திட்டுகிறார்கள்.

முதலாளி ஹாரன் அடிக்கிறார், கேட்டைத் திறக்க ஓடுகிறேன்.

உன் சுப்ராத்தி