அந்தப் பேன்ட் என்னுடையது

16-11-1996, சனி

இன்று சிரித்தேன். தேதி போட்டு எழுதிவைக்க வேண்டிய செய்தி.

புதிதாக வந்திருக்கும் தனியார் தொலைக்காட்சியில் சனிக்கிழமைதோறும் 'ரோந்து வண்டி' என்று ஒரு நிகழ்ச்சி. போலீஸ்காரர்கள் போகுமிடமெல்லாம் கேமராவும் கூடவே போகும். நடிப்பு இல்லை, ஒத்திகை இல்லை, உள்ளது உள்ளபடி என்று தொடக்கத்திலேயே ஒரு குரல் முழங்கும். கேமரா முன்னால் இன்ஸ்பெக்டர், "ஐயா, தங்கள் ஓட்டுநர் உரிமத்தைச் சற்றுக் காண்பிக்க இயலுமா?" என்கிறார். போன மாதம் லஸ் முனையில் என் ஸ்கூட்டரை நிறுத்திய கான்ஸ்டபிள், "யோவ் சொட்டை, ஓரங்கட்டு" என்றார். அங்கே கேமரா இல்லை.

கல்லூரியில் மக்களாட்சி பற்றிப் பாடம் நடத்துகிறவன் இதையெல்லாம் பார்க்கலாமா? கூடாது. கண்டிப்பதற்காக ஒன்றுவிடாமல் பார்க்கிறேன்.

இன்று தி.நகர் தீபாவளிக் கூட்டத்தில் திருடர்களைப் பிடித்த கதை. பனகல் பார்க் பக்கம் ஒருவன் மாட்டினான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். பை நிறையப் பேன்ட்டுகள். கான்ஸ்டபிள் ஒன்றை எடுத்து விரித்தார். விரித்தார், விரித்துக்கொண்டே போனார். பின்னிடுப்பில் முக்கோணமாக வேறு நிறத்தில் ஓர் ஒட்டு. "இன்னாய்யா இது, பேன்ட்டா ஷாமியானாவா?" என்றார் அதே இன்ஸ்பெக்டர். எனக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. நீரஜா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் சிரித்தால் என் மனைவிக்குக் கவலை.

19-11-1996, செவ்வாய்

மாலை ஹாஜிரா பீ வந்தார். கச்சேரி ரோட்டில் எனக்குத் துணி தைக்கும் நூர் முஹம்மதுவின் மனைவி. கடையில் அவர் தைத்ததை வீட்டுக்கு எடுத்துப் போவார். காஜா எடுப்பதும் ஹெம்மிங் செய்வதும் இந்த அம்மாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீடுவரை வந்தது இதுதான் முதல் தடவை.

"அவங்க வெளிய வர்றதில்ல சார். அதான் நானே குடுத்துட்டுப் போலாம்னு."

பொட்டலத்தைப் பிரித்தேன். என் சாம்பல் நிறப் பேன்ட். இடுப்பைத் தளர்த்தக் கொடுத்திருந்தேன். பிரித்துவிடத் துணி போதாமல், பின்னால் முக்கோணமாக ஓர் ஒட்டு.

ஷாமியானா.

நீரஜாவிடம் காட்டினேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "நீங்க அவ்வளவு சந்தோஷமா சிரிச்சுண்டிருந்தேள். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். பாய் கடைலேர்ந்து எவனோ திருடிண்டு போயிட்டான்னு நெனச்சேன்."

பேன்ட் பாய் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. பையோடு நின்றது பாயேதான் என்று அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. திருடன் என்றார்கள், திருடன் என்று எடுத்துக்கொண்டோம். நான் எம்.ஏ. அவள் எம்.எஸ்ஸி.

23-11-1996, சனி

நிகழ்ச்சியின் பெயர் போடும்போதே என் பேன்ட் வருகிறது. இனி வாராவாரம் வருமாம்.

2-12-1996, திங்கள்

இத்தனை நாளும் கச்சேரி ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிச் சுற்றிக் கல்லூரிக்குப் போனேன். பெட்ரோல் விலை யோசிக்கவைத்தது. மனசாட்சி என்று எழுதினால் நன்றாக இருக்கும். இன்று கடைக்குப் போனேன்.

நூர் முஹம்மது மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஜிப்பு, பட்டன் வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போயிருந்தேன் சார். அப்பிடியே வூட்டுக்குப் போவசொல்ல புடிச்சிட்டாங்க. ஒரே ஆளுக்கு இத்தினி சைஸ் எப்பிடிடான்றாரு. டெய்லர்னேன், நம்பல. அப்பால கடைக்கு ஆள் அனுப்பி விசாரிச்சிட்டு, போய்யான்னு வுட்டுட்டாங்க. வுட்டத மட்டும் காட்டல."

"அடிச்சாங்களா?"

"கேமரா இருந்திச்சே, அடிக்கல. அது ஒரு நல்லது." கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். "அடிச்சிருந்தா ஒரு வாரத்துல ஆறியிருக்கும் சார். இத வாரா வாரம் போடறான்."

"முகந்தான் தெரியலையே?"

"மூஞ்ச மூடினேன். கால எப்பிடி மூடறது?"

இடது காலைச் சாய்த்து நடப்பார். தெருவே கண்டுபிடித்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அவரிடம் அளவு கொடுக்கும் நான் கண்டுபிடிக்கவில்லை. நான் பேன்ட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ரம்ஜான் வருது சார். அந்த சீசனும் போச்சுன்னா கடய வுட்டுட வேண்டியதுதான்."

9-12-1996, திங்கள்

தொலைக்காட்சிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் "லைன்ல இருங்க சார்" என்றாள். இருந்தேன். சங்கீதம் போட்டார்கள். முடிந்ததும் துண்டித்தார்கள். மோகனம்.

16-12-1996, திங்கள்

சுப்புராயன் போன் செய்தார். எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். பட்டிமன்றங்களில் நடுவர் நாற்காலியும் அவருக்கே. ஊரில் உள்ள நாற்காலிகளை எல்லாம் அவருடைய பின்பக்கத்துக்கு அளவெடுத்துச் செய்கிறார்கள் போலும்.

பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம், அதே தொலைக்காட்சிக்கு. தலைப்பு: 'ரோந்து வண்டி' போன்ற நிகழ்ச்சிகளால் மக்களுக்கு நன்மையா, வெறும் வேடிக்கையா?

"என்ன ஸ்ரீரங்கன், ஒங்களுக்கு நன்மை அணி."

"எனக்கு அது நன்மைன்னு தோணலையே சார்."

"பட்டிமன்றத்துல தோணுறது எதுக்குய்யா? அந்த அணியில ஆள் கொறையுது."

மறுக்க நினைத்து ஒப்புக்கொண்டேன். நூர் முஹம்மதுக்காக என்று எழுத ஆசை. பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி, தொலைக்காட்சியில் என் முகம்.

28-12-1996, சனி

அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒளிப்பதிவு. முகத்துக்குப் பவுடர் பூசினார்கள். சொட்டைக்கும்.

ஓட்டுநர் உரிமத்தைக் காண்பிக்க இயலுமா என்ற கதையில் ஆரம்பித்தேன். கேமரா இருந்தால் போலீஸ் தமிழ் வளர்க்கிறது, இது நன்மைதானே? சிரித்தார்கள். பிறகு நிறுத்தி, நிதானமாகச் சொன்னேன்: "வாராவாரம் விரித்துக் காட்டுகிறார்களே ஒரு பேன்ட். அந்தப் பேன்ட் என்னுடையது!"

மண்டபம் அதிர்ந்தது. சுப்புராயன் மைக்கைப் பிடித்து, "ஆக, பேராசிரியரின் மானத்தையே மீட்டுத் தந்திருக்கிறது காவல்துறை!" என்றார். மறுபடி சிரிப்பு.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருடர் அல்ல, என் தையற்காரர் என்று பெயர் சொல்லிச் சொன்னேன். கேமரா இருந்ததால் அவர்மேல் அடி விழவில்லை. அதை நன்மை என்றே கணக்கில் வைக்கிறேன். ஆனால் பிடித்ததைக் காட்டியவர்கள் விட்டதையும் காட்டினால்தானே அது பொதுமக்களுக்குச் செய்தி? பாதியில் நிறுத்தினால் கோள் சொல்வது. முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுப்புராயன் மணி அடித்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

பொங்கலுக்கு எல்லாம் சரியாகிவிடும்.

15-1-1997, புதன்

மாட்டுப் பொங்கல். பட்டிமன்றம் பார்க்க மாடி வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தேன்.

உரிமத்தைக் காண்பிக்க இயலுமா — வந்தது. அந்தப் பேன்ட் என்னுடையது — வந்தது. மானத்தை மீட்டது — வந்தது. அடுத்து வேடிக்கை அணியிலிருந்து ஒரு அம்மாள் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவுதான். மீதியை வெட்டிவிட்டார்கள். தீர்ப்பு: நன்மையே.

போன் வந்தது. அசோக் நகர் மாமா. "ஏண்டா ஸ்ரீரங்கா, திருட்டுப் போன பேன்ட் கெடச்சுடுத்தாமே! எவன் எடுத்தது?"

எவன் எடுத்தது. எவனும் எடுக்கலை மாமா. தைக்கக் குடுத்தேன். நானே போய், பவுடர் பூசிண்டு, ஊருக்கு முன்னால என் சொத்துதான்னு அடையாளம் காட்டிட்டு வந்திருக்கேன். இதுவரைக்கும் அவர் சந்தேகத்துக்கு உரியவர். இப்போ சாட்சியும் கெடச்சாச்சு. வாயை மூடிண்டு இருந்திருக்கப்படாதோ? முண்டம். முண்டம்.

16-1-1997, வியாழன்

கடையில் இரண்டு பேர், வெட்டாமல் கிடந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்களாம்.

"ஓனரே வந்து சொல்லிட்டாரேன்றாங்க சார்" என்றார் நூர் முஹம்மது. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. இப்போது கடைக்கே வந்து வேலை பார்க்கும் ஹாஜிரா பீ உள்ளே காஜா எடுத்தபடி, தலை நிமிராமல், "நீங்க பேசாம இருந்திருக்கலாம் சார்" என்றார்.

தீர்ப்புச் சொல்ல அவருக்குப் பட்டிமன்றமே தேவைப்படவில்லை.

17-1-1997, வெள்ளி

யோசித்தால் செய்ய மாட்டேன் என்பதால் யோசிக்கவில்லை. அந்தப் பேன்ட்டையே போட்டுக்கொண்டு, கல்லூரி விட்டதும் கடைக்குப் போய், வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. பேப்பரை வரி விளம்பரம்வரை படித்தேன்.

20-1-1997, திங்கள்

கடை வாசலில் ஒருவர்: "சார், நீங்க டி.வி. பேன்ட்டு சார்தானே?"

"ஆமா."

"இன்னா சார், திருட்டு குடுத்துட்டு அதே கடையில குந்திகினு கீறீங்க?"

எழுந்தேன். திரும்பி நின்று சட்டையைத் தூக்கி ஒட்டைக் காட்டினேன். "திருட்டுப் போகலை. நான் தைக்கக் குடுத்தேன். இவர் தைச்சார். போலீஸ்ல தப்பாப் பிடிச்சு, அன்னிக்கே விட்டுட்டாங்க. விட்டதை டி.வி.ல காட்டலை."

அவர் ஒட்டைத் தொட்டே பார்த்தார். தெருவில் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதற்கா அம்மா எனக்கு முந்திரி கொடுத்துப் படிக்கவைத்தாள்?

27-1-1997, திங்கள்

தினமும் நாலைந்து பேர். ஒரே கேள்வி, ஒரே பதில், ஒரே பின்பக்கம். நோன்பு வைத்திருப்பதால் நூர் முஹம்மது அதிகம் பேசுவதில்லை. பேச்சு இலாகா என்னுடையது.

இன்று ஒருவர் கேட்டுவிட்டு, என் இடுப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கே தெச்சவருக்கு நம்ம இடுப்பெல்லாம் ஜுஜுபி. பாய், இந்தா, ரெண்டு பேன்ட்டு."

அவர் போனதும் நூர் முஹம்மது கேட்டார்: "ஒரே பேச்ச இத்தினி தபா சொல்றீங்களே, வாய் வலிக்கல?"

"கேக்காத பசங்களுக்கு இத்தனை வருஷம் பாடம் நடத்தினவன் பாய் நான்."

"இவங்க கேக்கறாங்க சார்."

பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

1-2-1997, சனி

பெயர் போடும்போது இன்றைக்கும் அந்தப் பேன்ட். நீரஜா டி.வி.யை அணைத்துவிட்டு, "ஒரிஜினல்தான் ஆத்துலயே இருக்கே" என்றாள்.

சுப்புராயன் போன். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். வருகிற வெள்ளி சாயங்காலம் அடையாறில் பட்டிமன்றம், நான் நடுவராக உட்கார முடியுமா? நடுவர்!

"சாயங்காலம் எனக்கு வேலை இருக்கு சார்."

போனை வைத்த பிறகு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

6-2-1997, வியாழன்

கடையில் துணி மலையாகக் கிடக்கிறது. ரம்ஜானுக்கு இனிமேல் தைக்கப் புதுத் துணி வாங்குவதில்லை என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டார். அப்படியும் வந்து கெஞ்சுகிறார்கள்.

இன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் என்னையே உற்றுப் பார்த்தார். நான் வழக்கம்போல எழுந்து திரும்பினேன். "கொஞ்சம் நவுரு சார், பின்னால என் துணி கீது" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து நூர் முஹம்மது அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். நாளையிலருந்து அந்த ஸ்டூலு வேணும். கஸ்டமருங்க நின்னுகினே கீறாங்க."

எழுந்தேன். கிளம்ப மனமில்லாமல், எனக்கும் ஒரு பேன்ட் வேண்டும், ஒட்டு இல்லாமல், புதிதாக என்றேன்.

நாடா கழுத்தைவிட்டு இறங்கவில்லை. "ரம்ஜான் கழியட்டும் சார்" என்றார். "இப்ப கை ஒழியல."