மை டப்பா

ஈப்போ, 12.8.1984

அன்புள்ள அண்ணிக்கு,

பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அத்தைதான் மை வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நாளாகப் பதில் எழுத முடியவில்லை.

மூத்தவன் பச்சைக் குழந்தையாகக் காமாலையோடு நான் வேலை செய்யும் வார்டுக்கு வந்து, ஏழாம் நாள் இறந்துபோனான். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்றார் டாக்டர். "நீ குளிப்பாட்டுன எஸ்டேட் தண்ணிலதான் வந்திருக்கும்லா" என்று அண்ணன் உங்களைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தக் கிருமி முதலில் வார்டில் மூலைத் தொட்டிலில் கிடந்த வேறொரு குழந்தைக்குத்தான் இருந்தது. பாவமாக இருந்ததால், என் பையிலிருந்த மை டப்பாவைத் திறந்து அதன் கன்னத்தில் பொட்டு வைத்தேன். அதே விரலை மறுபடி டப்பாவில் தொட்டு நம் பிள்ளைக்கும் வைத்தேன். நடுவில் கை கழுவவில்லை. நர்ஸ் படிப்பு படித்தவள் நான்.

பிறகு கிருமி எப்படிப் பரவியது என்று வார்டில் குழாய், பால் புட்டி எல்லாவற்றையும் சோதித்தார்கள். டப்பாவை யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

உங்கள் தண்ணீரில் ஒன்றுமில்லை, அண்ணி. இதை அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகும் கூப்பிட்டால் வருகிறேன். வாசலோடு நின்று பார்த்துக்கொள்கிறேன். மை வைக்க வேறு யாரையாவது கூப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார்