எஃகு எழுத்தில் உன் பெயர்

கடைக்குப் புது பிரிண்டர் வந்திருக்கிறது. காலையில் முதல் வினைல் தாள் வெளியே வந்து சூடான மை வாசனை அடித்ததும், உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீ போய் ஒன்றரை வருஷமாகிறது.

தோழிகள் நாம் இருவரும் சேர்ந்து இந்த பேனர் கடையைத் திறந்தபோது, கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம், ஓடவில்லையென்றால் மூடிவிட வேண்டும் என்று உன் வீட்டிலும் என் வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். பிறந்தநாள் பேனர்களைத் தவிர எதுவும் வரவில்லை. அப்போதுதான் உங்கள் ஊர் புன்னைக்காயலிலிருந்து அந்தப் படகுக்காரர் வந்தார். புதுப் படகின் பெயரை எஃகில் வார்த்தது போல ஸ்டிக்கராக அடித்துத் தர வேண்டும். மறுநாள் படகை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியார் வருகிறார்.

நான் கணினியில் எழுத்துக்குச் சாம்பலும் வெள்ளையும் கலந்து நிறம் கொடுத்தேன், விளிம்பைப் புடைக்க வைத்தேன். திரையைப் பார்த்தவர் முகம் சுளித்தார். "என்னளா, சிமெண்டு பூசுன மாதிரில்லா இருக்கு." மத்தியானம் வருவதாகவும், சரிவராவிட்டால் வேறு கடைக்குப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை முட்டியது. நீயோ தண்ணீர் வைத்திருந்த எவர்சில்வர் செம்பைக் காலி செய்து, வாசலுக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஏளா, இங்கன வா. இதுல சாம்பல் நெறம் எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

இல்லை. மேல் பாதியில் வானம். நடுவில் எதிர்ச்சுவரின் கறுப்புக் கோடு. அதற்குக் கீழே வெயில் அடித்த மணல். எஃகுக்கென்று ஒரு நிறமே கிடையாது, எதிரே இருப்பதைத்தான் அது காட்டுகிறது என்று அன்றைக்குத்தான் கண்டோம்.

ஓடி வந்து உட்கார்ந்தோம். எழுத்தின் மேல் பாதிக்கு வெளிர்நீலம், கீழே வரவர வெள்ளை. அது முடிந்த இடத்தில் பட்டென்று கறுப்பு. இரண்டும் கலந்துவிடாமல் இருக்க, நிறம் மாறும் இடத்தைக் குறிக்கும் புள்ளிகளை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கச் சொன்னாய். கறுப்புக்குக் கீழே மணல் நிறம். கடைசியாக விளிம்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெளிச்சம். எண்டரை அழுத்தினேன். எழுத்து திரையை விட்டு எழுந்து நின்றது! நீ என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

மத்தியானம் படகுக்காரர் வந்தார். திரையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "ஒட்டிருங்க" என்றார். மறுநாள் படகு தண்ணீரில் இறங்கியபோது, கரையில் நின்ற இன்னும் மூன்று பேர் அந்த எழுத்தை யார் செய்தது என்று விசாரித்தார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, கடையை மூடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பிறகு மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு உன் அண்ணன்தான் வந்தார். உன் பெயரை நான் எஃகில் வார்த்திருந்ததைப் பார்த்துத் தயங்கினார். "சாவு பேனருக்கு இம்புட்டு பளபளப்பு வேணுமா?"

"அவ கண்டுபிடிச்சது, அண்ணாச்சி. அவளுக்குப் போடாம யாருக்குப் போட?"

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து உன் பெயரைப் பார்த்தார். பிறகு எழுத்தை இன்னும் பெரிசாக்கச் சொன்னார்.

இப்போது யார் எந்த உலோகத்தில் எழுத்து கேட்டாலும் நான் உடனே கணினி முன் உட்காருவதில்லை. அந்த எழுத்து எங்கே நிற்கப் போகிறது, அதன் எதிரே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, நேரே போய் அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். கிறுக்குப் பிடித்தவள் என்கிறார்கள். வாசலில் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்த உன்னையும் அப்படித்தான் சொன்னார்கள் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.