காற்று தாமதமாக வந்த சனிக்கிழமை

ரின்கோன் செக்கோ
ஏப்ரல் 14, திங்கள்

அன்புத் தங்கை அடெலைதாவுக்கு, அண்ணன் ஒனோஃப்ரே எழுதுவது.

நானும் உன் அண்ணி செனாய்தாவும் சுகம். ஆடுகள் இந்த வருடம் பத்தொன்பது குட்டி போட்டிருக்கின்றன. தொலீடோவில் நீயும் மகனும் பேரப்பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அந்த ஈரக் குளிர் உன் மூட்டுகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அண்ணி புலம்பிக்கொண்டே இருக்கிறாள்.

இங்கே ஈரம் என்பது பேச்சுக்குக்கூட இல்லை. மலையில் பனி போன வருடத்தில் பாதிதான். துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கிறது. கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. ஜூன் கடைசி வரை இப்படித்தான் இருக்கும், காற்றும் வழக்கத்தைவிடக் கூடுதலாக அடிக்கும் என்று வானிலை அலுவலகத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவள் யார் என்று உனக்குத் தெரியும். அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று கிறிஸ்துமஸ் அன்று சொன்னாய். தாய்மாமன் கேட்கிறேன், இந்த ஒரு தடவை மட்டும் முழுதாகப் படித்துவிடு.

போன சனிக்கிழமை வாய்க்கால் கரையைக் கொளுத்துவதாக இருந்தோம். தூர் வாரி முடித்தாயிற்று. காய்ந்த புல்லை எரித்துவிட்டால் தண்ணீர் திறந்துவிடலாம். இந்த வருடமும் நான்தான் வாய்க்கால் மணியக்காரன். உன் மகள் நோயெமி வியாழக்கிழமையே போன் செய்து, சனிக்கிழமை வேண்டாம், பதினோரு மணிக்குமேல் பெருங்காற்று வரும் என்றாள். அதற்குள் முடித்துவிடுவோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கார் கரையில் வந்து நின்றது. விடுமுறை நாளில் இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறாள். இருபது பேர் மண்வெட்டியோடு நிற்கிறோம். ஓர் இலை அசையவில்லை. பெலார்மீனோவின் சிகரெட் புகை நூல் பிடித்தாற்போல் மேலே போனது.

"என்ன பொண்ணே, காத்து உனக்குக் கடுதாசி போட்டுச்சா?" என்றான் அவன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அவள் என்னிடம்தான் பேசினாள். "மாமா, நீங்க பத்தரைக்கு முடிச்சிருவீங்க. ஆனா வேருல கங்கு கனிஞ்சுக்கிட்டே கிடக்கும். நீங்க வீட்டுக்குப் போய் சாப்பிட உக்காரும்போது காத்து வந்து அதை எழுப்பிவிடும். பதினொண்ணு வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள வரலைன்னா நானே கொளுத்தறேன்."

பொறுத்தோம். பதினொன்று ஆனது. ஒரு புல் ஆடவில்லை. பெலார்மீனோ தீப்பெட்டியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "இந்தா. நீ சொன்னதுதானே?"

அவள் முகம் சிவந்துபோயிற்று. "சொன்னேன். இப்ப வார்த்தை தவறறேன். நேரத்துல தப்புப் பண்ணிட்டேன், காத்துல தப்புப் பண்ணல" என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய் அந்தக் காய்ந்த புல்லின் நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். யார் என்று எழுதமாட்டேன். "அப்பன் தீயில போனான்ல. அதான் தீப்பெட்டியப் பாத்தாலே நடுங்குது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா, பயம்தான். அன்னைக்குக் காத்து திரும்பப்போகுதுன்னு எங்கப்பாவுக்கு ஒருத்தரும் சொல்லல. சொல்ல ஒரு ஆள் இருக்கணும்னுதான் நான் இந்த வேலைக்கே போனேன்."

அடெலைதா, என் புருஷனைக் கொன்ற காற்றோடு போய்க் குடித்தனம் நடத்து என்று, அவள் இந்த வேலையில் சேர்ந்தபோது நீ சொன்னாயே, அன்று நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமைதான் எனக்கு உறைத்தது.

தண்ணீர் திறக்கிற நாளைத் தள்ளிவைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன். அவள் கணக்கை நம்பித்தான் அனுப்பினேன் என்றால் பொய். ரூபேன் மச்சானின் மகள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. என்னைத் திட்டிக்கொண்டேதான் போனார்கள்.

முக்கால் மணி கழித்தும் அசைவில்லை. அவள் சாப்பிட வரவில்லை, கரையிலேயே நின்றாள். ஒரு மணிக்குக் கால் மணி இருக்கும்போது அலரிச் செடிகளின் நுனி ஒருமுறை குனிந்தது. பிறகு மேற்குக் குன்றே கண்ணுக்குத் தெரியவில்லை. மண்ணைச் சுருட்டிக்கொண்டு வந்து அறைந்தது பார், அண்ணி ஜன்னலைச் சாத்துவதற்குள் மேசைமேல் விரல் பதிகிற அளவு புழுதி. பெலார்மீனோவின் கொட்டகைத் தகரம் பிய்ந்து மாதா கோவில் முற்றத்தில் போய் விழுந்தது. அவனுடைய வைக்கோல் போர் அத்தனையும் வாய்க்கால் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கு அடுத்தது பள்ளிக்கூடம். ராத்திரி வரை அடித்தது. ஊரில் எதுவும் எரியவில்லை.

மன்னிப்பு என்ற சொல் பெலார்மீனோவின் வாயில் வராது, உனக்கே தெரியும். மறுநாள் கோவில் முடிந்து, சிவப்பு மிளகாய்க் குழம்பு ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து வைத்தான். "ஒன்னேமுக்கா மணி நேரம் லேட்டு. ரயிலா இருந்தா டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பேன்" என்றான். நோயெமி வாய்விட்டுச் சிரித்தாள். ரூபேன் போன பிறகு அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டதில்லை.

இன்று விடியற்காலையில் கிளம்பிப் போனாள். காபி குடிக்கும்போது போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நம் பக்கத்து வானிலைதானே என்று அண்ணி எட்டிப் பார்த்தால், தொலீடோ. "தினமும் மொதல்ல இதைத்தான் பாப்பேன் அத்தை. அங்க இடி இடிச்சா அம்மாவுக்குத் தலைவலி வந்துரும்" என்றாளாம். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை பிற்பகல் உங்கள் ஊரில் இடியோடு மழை என்கிறாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த மழை பெய்து ஓய்ந்திருக்கும். அன்றன்றைய வானிலையை அன்றன்றே கேட்க வேண்டுமானால் போனை எடுத்தால்தான் உண்டு. அவள் எண்ணை மாற்றவில்லை, அடெலைதா. அதே பழைய எண்தான்.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஒனோஃப்ரே