மகாராணி எழுதிய கொலை

ஜூன் 2

அன்புள்ள பொத்தானுக்கு,

மகாராணி எழுதுகிறேன். நலம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? மெஷினை விட்டு எழுந்த பிறகாவது தலையை நிமிர்த்துகிறாயா, இல்லை பொத்தான் தைக்கிற மாதிரியே வீட்டுக்கும் நடக்கிறாயா?

செய்தி இதுதான். இளவரசிகளைத் தலைமுழுகிவிட்டேன்.

உன் போன கடிதம் வந்தபோது ஒரு அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன். தளபதி போரிலிருந்து திரும்புகிறான். பல நாள் குதிரை மேலேயே கிடந்தவன். இளவரசி அவன் மார்பில் சாய்கிறாள். பூ வாசம் வீசுகிறது. அந்த வரியில் உன் கடிதத்தைப் பிரித்தேன். பாடிக்கொண்டே தைக்கிற நம் பாட்டுக்காரி துணிக் கிடங்கின் படிக்கட்டிலிருந்து விழுந்து செத்ததும், மேல்படியில் சூப்பர்வைசர் பல்குச்சி நின்றதை நீ பார்த்ததும், கால் வழுக்கி விழுந்தாள் என்று நிர்வாகம் எழுதி மூடியதும் அதில் இருந்தது. படித்துவிட்டு என் தாளைப் பார்த்தேன். பூ வாசமாம்.

நானும் அதே தளத்தில் உட்கார்ந்து காலர் தைத்தவள்தானே. சாப்பாட்டு நேரத்தில் உங்களுக்கெல்லாம் தொடர்கதையை உரக்கப் படித்தவள். பக்கம் கிழிந்திருந்தால் சொந்தமாக இட்டுக்கட்டி, அந்தப் பழக்கத்திலேயே எழுத்தாளராகி வெளியே வந்தவள். மகாராணி என்ற பேரே நீங்கள் வைத்ததுதான். வெளியே வந்து நான் எழுதியதெல்லாம் அரண்மனை. பல்குச்சி அப்போதே அங்கே இருந்தான். அவனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இனி எழுதுகிறேன். அடுத்த வாரம் தொடங்குவது கொலைக் கதை. இந்தக் காலம், சட்டைத் தொழிற்சாலை, படிக்கட்டு. பேர் மட்டும் மாறும். தொழிலாளர் துறை விசாரணை வரும் என்று எழுதியிருந்தாயே, அதற்குள் ஊரெல்லாம் அவன் யார் என்று கேட்க வைக்கிறேன். நான் ஒருத்திதானே சாட்சி என்று பயப்படாதே. படிக்கிறவர்கள் அத்தனை பேரும் உன் பின்னால் நிற்பார்கள்.

உன்
மகாராணி

ஜூன் 25

என் மகாராணிக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுவாய் என்று தெரியும். முதல் வாரம் உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் நான்தான் படிக்கிறேன். நீ விட்டுப்போன வழக்கம் அப்படியே இருக்கிறது. படிக்கிறவளுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மணி அடித்த பிறகு அவள் கிடங்குப் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்து சாப்பிட வேண்டும், அதுவரை அவள் தைக்க வேண்டிய பீஸை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தைத்து வைக்க வேண்டும். அன்றைக்குத் தைத்தார்கள், ஆனால் முனகிக்கொண்டே.

கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று நீ எழுதியிருந்த இடத்தில் பாதிப் பேர் டப்பாவை மூடினார்கள். இஸ்திரி போடுகிற அத்தைக்குத்தான் ரொம்ப ஆத்திரம். "நாத்தத்த மூக்கால வாங்குறது போதாதா, காதாலயும் வாங்கணுமா? அந்த அரை மணி நேரந்தான் நான் அரண்மனையில இருந்தேன். அதையும் புடுங்கிட்டா."

எனக்கும் கோபம்தான். என் வீட்டுக்காரரின் குறட்டைக்கு நடுவில் எனக்கென்று இருந்த ஒரே ஆண்பிள்ளை உன் தளபதி. அவனைச் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டு அனுப்பிவிட்டாய்.

ஆனால் மூன்றாம் வாரம் என்ன நடந்தது தெரியுமா? சூப்பர்வைசர் வாயில் பல்குச்சியைச் சப்பிக்கொண்டே பெண்கள் முதுகுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கை பார்க்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது ஒருத்தியும் டப்பாவை மூடவில்லை. காஜா போடுகிற அக்கா மெதுவாகச் சொன்னாள்: "இவன் வாய்நாத்தம் அச்சுலயே வருதுடி."

மறுநாள் அவன் வாயில் குச்சி இல்லை. கடவுள் சத்தியம். வெறும் வாயோடு நடக்கிறான். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் வந்துவிட்டது. இஸ்திரி அத்தை மூன்று தரம் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

விசாரணை ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் உன் கதை முடியும் இல்லையா? முன்பெல்லாம் சாட்சி சொல்ல வருகிறாயா என்று யாரைக் கேட்டாலும் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். இப்போது நாலு பேர், கதை முடியட்டும், நாங்களும் வருகிறோம் என்கிறார்கள்.

உன்
பொத்தான்

ஜூலை 10

அன்புப் பொத்தானுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. குச்சியைத் துப்பிவிட்டானா! இத்தனை வருஷ அரண்மனையில் ஒரு செங்கலைக்கூட நான் அசைத்ததில்லை.

இங்கே நிலைமை வேறு. பத்திரிகை அலுவலகத்திலிருந்து மூட்டையாகக் கடிதங்கள் வருகின்றன. பாதி அருவருப்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "அம்மணி, உங்கள் கதையைப் படித்துவிட்டுக் கை கழுவினேன்" என்று எழுதியிருக்கிறார். ஒரு பெண் கிழித்த பக்கங்களையே உறையில் போட்டு அனுப்பியிருக்கிறாள். குழந்தை இருக்கிற வீட்டில் இதையெல்லாம் வைத்திருக்க முடியாதாம். போர்க்களத்தில் தலைகள் உருண்டபோது அந்தக் குழந்தை எங்கே போயிருந்தது? இன்னொருவருக்குப் பெரிய மனது: தளபதியைப் போலீஸ் அதிகாரியாகவாவது கொண்டுவரக் கூடாதா என்று கெஞ்சுகிறார். இவர்கள் போடுகிற சட்டையை யார் தைக்கிறார்கள் என்பது கதையில் வந்தால் இவர்களுக்கு வாந்தி வருகிறது.

அதைத் தாங்கிக்கொள்வேன். மீதிப் பாதிதான் தொல்லை. அவர்களுக்குக் கதை பிடித்திருக்கிறது, ஆனால் எல்லோரும் "சூப்பர்வைசர்தானே?" என்று எழுதிவிட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் அந்தக் கடிதக் கட்டை என் முன்னால் போட்டார். "மூணாவது வாரமே ஆள் தெரிஞ்சுபோச்சு. இதுக்குப் பேரு மர்மக்கதையா? பழைய வாசகர் போயாச்சு, புதுசா வந்தவனும் கொட்டாவி விடுறான்" என்றார். கடைசியில் ஒரு திருப்பம் வேண்டுமாம். இல்லையென்றால் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டு, திரும்ப அரண்மனைக்கே போகச் சொல்கிறார்.

பார்த்துக்கொள்கிறேன், விடு. ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு நீ எப்படி எல்லோருக்கும் முன்னால் படிக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தாய்? கதைக்கு வேண்டும்.

உன்
மகாராணி

ஜூலை 18

என் மகாராணிக்கு,

இதிலென்ன இருக்கிறது? அன்றைக்கு நான் கதை படித்த நாள். படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே பாட்டுக்காரியின் குரல். பாட்டு இல்லை, "விடு" என்று ஒரே சொல். அப்புறம் அவள் என் எதிரில் வந்து விழுந்தாள். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். மேல்படியில் அவன், கையில் அவள் துப்பட்டா. என் கையில் பாதிக் கவளம் இருந்தது. அதோடுதான் அவள் தலையைத் தூக்கினேன். இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கை எனக்கு வேண்டாம் போலிருக்கிறது.

நான் ஒளிந்து சாப்பிட்டதை மட்டும் எழுதிவிடாதே, எல்லோருக்கும் சம்பளம் பிடிப்பார்கள். மற்றதையெல்லாம் எழுது.

பாட்டுக்காரியின் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லி வாராவாரம் கேட்கிறாளாம். கடைசியில் அவன் மாட்டுவானா என்று வாசலில் என் கையைப் பிடித்துக் கேட்டாள். எழுதுகிறவள் என் சினேகிதி, பயப்படாதே என்று சொல்லியிருக்கிறேன்.

உன்
பொத்தான்

ஆகஸ்ட் 1

அன்புப் பொத்தானுக்கு,

கடைசி அத்தியாயம் அச்சுக்குப் போய்விட்டது. படிக்கும்போது கோபம் வந்தால் ஒன்றை நினைத்துக்கொள்: கதை வேறு, நடந்தது வேறு. விசாரணையில் கதையை யார் பார்க்கப்போகிறார்கள்? தொடரை நிறுத்தவிடாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், அதுவே பெரிது. உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்
மகாராணி

ஆகஸ்ட் 9

மகாராணி,

படித்தேன். நாற்பது பேருக்கு முன்னால் நானே என் வாயால் படித்தேன்.

அன்றைக்கு மற்ற லைன்காரர்களும் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பல்குச்சி வாசலில் சாய்ந்து நின்றான். கையில் அவனும் ஒரு பத்திரிகை வைத்திருந்தான். வாயில் குச்சி திரும்ப வந்திருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

உன் கதையில் சூப்பர்வைசர் நல்லவன். காப்பாற்றப் பார்த்தவன். துப்பட்டாவைப் பிடித்தது அவளை இழுத்து நிறுத்தத்தான். தள்ளியவள் பொத்தான் மெஷினில் உட்காருகிற உயிர்த்தோழி. பாட்டுக்காரி பாட ஆரம்பித்தால் தான் கதை படிப்பதை யாரும் கேட்பதில்லை என்று பொறாமை. தள்ளிவிட்டு ஓடி இறங்கி, சாப்பிடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாளாம். "முதலில் ஓடி வந்தவள்தான் முதலில் தள்ளியவள்." என்ன அழகான வரி. எத்தனை தரம் அடித்து எழுதினாய்?

அவன் மட்டும் வாசலில் நிற்காமல் இருந்தால் உன்னை மாதிரி நானும் இட்டுக்கட்டிப் படித்திருப்பேன். அவன் விரலை வரி மேல் வைத்து என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தான். ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை.

முடித்தேன். மணி அடித்தது. நான் போய்ச் சாப்பிடவில்லை, கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான், அது நீ வாங்கிக் கொடுத்ததில்லையா. திரும்பி வந்து பார்த்தால் என் மெஷின் பக்கத்தில் என் பீஸ் குவியல் அப்படியே இருந்தது. ஒரு பொத்தான்கூட யாரும் தைக்கவில்லை.

சாட்சிக்கு வருகிறேன் என்ற நாலு பேரும் மறுநாளிலிருந்து வேறு பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்தப் பக்கத்தை அவன் வெட்டி வருகைப்பதிவு மெஷினுக்கு மேல் ஒட்டியிருக்கிறான். காலையில் கை வைக்கும்போதெல்லாம் நான் அதைப் பார்க்க வேண்டும்.

பாட்டுக்காரியின் அம்மா வாசலில் நின்றாள். சண்டை போடவில்லை. "எம்பொண்ணு உனக்கு என்னம்மா பண்ணிச்சு?" என்றாள்.

இதற்கு நீ பதில் எழுது.

பொத்தான்

ஆகஸ்ட் 16

என் அன்புப் பொத்தானுக்கு,

அது நீ இல்லை. கதையில் அவள் உயரம், நீ குட்டை. எழுதும்போது உன் முகம் ஒரு தரம்கூட எனக்கு வரவில்லை. யாருமே சந்தேகப்படாத ஆள் வேண்டும் என்றார்கள், தேடினேன், நல்லவள் ஒருத்திதான் கிடைத்தாள்.

இப்போது வருகிற கடிதங்களைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கை கழுவிய தலைமையாசிரியர், "திருப்பம் அபாரம், பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பதை நிரூபித்துவிட்டீர்கள்" என்று பாராட்டியிருக்கிறார். கிழித்து அனுப்பியவள் அடுத்த தொடர் எப்போது என்கிறாள். ஒருவர்கூடச் சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்கவில்லை.

புத்தகமாக வரும்போது முடிவை மாற்றிவிடுகிறேன். உன் தலை மேல் ஆணை. விசாரணைக்கு நானும் வந்து சொல்லட்டுமா? நான் வந்தால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். கோபமாக இருந்தாலும் திட்டி ஒரு வரி எழுது.

என்றும் உன்
மகாராணி

செப்டம்பர் 3

எழுத்தாளர் அவர்களுக்கு,

விசாரணை முடிந்தது. அதிகாரி பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். படிக்கட்டுக்கு அடியில் சாப்பிட்டதையும் சொல்லிவிட்டேன், சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும். கடைசியில் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "அந்தத் தொடரை எங்க வீட்லயும் படிச்சாங்க. அது நீங்கதானா?" பல்குச்சியும் கூடவே சிரித்தான். அவர் முடிவு இன்னும் வரவில்லை. நீ வராததே நல்லது. வந்திருந்தால் உன்னிடம் கையெழுத்துக் கேட்டிருப்பார்.

வெளியே வந்தேன். பாட்டுக்காரியின் அம்மா அங்கேயே நின்றாள். சாலையோரத்தில் அவளை உட்கார வைத்து, நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். வர்ணனை எதுவும் எனக்கு வராது. கேட்டு முடித்துவிட்டு, மேலே நின்றது யார் என்று மறுபடி கேட்டாள். சொன்னேன். இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் சொன்னேன். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் உட்காருகிற இடத்துக்குப் போய் நின்று, அதையே சொன்னேன். கையில் பத்திரிகை இல்லை. அவன் வாசலில்தான் இருந்தான். விரல் வைத்துப் படிக்க அவனுக்கு ஒன்றும் இல்லை. நான் முடித்தேன். பிறகு இஸ்திரி அத்தை டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். போகிறாள் என்று நினைத்தேன். "எனக்கு நடந்ததச் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தாள். கிடங்குதான். போன வருஷம். அதற்கடுத்த நாள் காஜா அக்கா.

இப்போது தினம் ஒருத்தி சொல்கிறாள். முடிந்ததும் அதிகாரிக்கு எழுதுகிற மனுவில் அவள் பேரையும் சேர்க்கிறோம். சொல்கிறவளின் பீஸை மற்றவர்கள் தைத்து வைத்துவிடுகிறார்கள். நேற்று என் குவியலும் தீர்ந்திருந்தது.

புத்தகத்தில் முடிவை மாற்ற வேண்டாம். அரண்மனைக்குத் திரும்பிப் போ. அங்கே யாரைக் கொன்றாலும் எங்கள் மேல் விழாது. என் தளபதியை விசாரித்ததாகவும் சொல்லாதே. எனக்கு அவனும் வேண்டாம்.

எங்கள் கதையில் ஆள் யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. தினமும் அதே ஆள்தான். ஒருத்தியும் பாதியில் எழுந்து போவதில்லை.

பொத்தான் மெஷினில் வேலை செய்பவள்